2,000 ஆண்டு தாங்கிய சுருளைச் சில ஆண்டுகளில் கெடுத்த செல்லோடேப்! - ஜெருசலேமிலிருந்து சாக்கடல் வரை

ஜெருசலேமிலிருந்து சாக்கடலுக்கு இறங்கும் சாலையில் ஓரிடத்தில் 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகை நிற்கிறது. பெரும்பாலும் அதன் பக்கத்தில் கம்பளி விரிப்பு போர்த்திய ஒட்டகம் ஒன்றும் நிற்கும். ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம், காசு உண்டு. மெரினாவில் அலை கால் நனைக்கும் உயரம் இதுதான். ஆனால் பஸ் இங்கே நின்றுவிடுவதில்லை. மொட்டை மலைகளுக்கு நடுவே இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறங்குகிறது. காது அடைக்கிறது. கடைசியில் கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே, வெயிலில் கண் கூசும் ஒரு நீர்ப்பரப்பு. பூமியின் தரைப்பரப்பிலேயே மிகத் தாழ்வான கரை இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து 'புனித பூமிப் பயணம்' போகிற குழுக்களுக்கு இந்தச் சாலை பழக்கமானது. பெத்லகேம், கல்வாரி, கலிலேயாக் கடல் என்று சுற்றிவிட்டு, ஒருநாள் சாக்கடலில் மிதக்க வருவார்கள். மல்லாந்து படுத்தபடி செய்தித்தாள் படிப்பதுபோல ஒரு போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. மிதக்கப் போகும் வழியில், கடல் இடது பக்கமும் செங்குத்துப் பாறைகள் வலது பக்கமும் வரும் இடத்தில் பஸ் சிறிது நேரம் நிற்கும். அந்த இடம் கும்ரான்.

பார்த்தவுடன் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இடிந்த சுவர்கள், வறண்ட தொட்டிகள், படிக்கட்டு உள்ள சில குழிகள். வழிகாட்டி எதிர்ப் பக்கம் கை காட்டுவார். வெளிறிய மண்திட்டு ஒன்றில் பெரிய ஓட்டைகள் தெரியும். "அதுதான் நாலாம் குகை" என்பார். எல்லோரும் செல்போனை உயர்த்துவார்கள். சிலர் கடையில் தொப்பி வாங்கப் போய்விடுவார்கள்.

அந்த ஓட்டைக்குள் கிடந்தவைதான் சாக்கடல் சுருள்களில் பெரும்பகுதி. அவை இரண்டாயிரம் ஆண்டு தாங்கியதும், வெளியே வந்த சில ஆண்டுகளுக்குள் கெடத் தொடங்கியதும் ஒரே கதை. அதில் வில்லன் போர் அல்ல, தீ அல்ல, கரையான் அல்ல. நம் மேஜை இழுப்பறையில் கிடக்கும் செல்லோடேப்.

ஆடு தேடிப் போனவர்

1947-வாக்கில், தாமிரே என்ற பெதுவின் பழங்குடியைச் சேர்ந்த மேய்ப்பர் ஒருவர் காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு இந்தப் பாறைகளில் ஏறினார், ஒரு பொந்துக்குள் கல்லை எறிந்தார், உள்ளே பானை உடையும் சத்தம் கேட்டது என்பது எல்லோரும் சொல்லும் கதை. பானைகளுக்குள் தோல் சுருள்கள் இருந்தன. நம் ஊரில் ஓலையில் எழுதினார்கள். அங்கே பதப்படுத்திய ஆட்டுத் தோலில். சில, காகிதத்துக்கு முப்பாட்டனான பாப்பிரஸ் நாணல் தாளில். கி.மு. 3-ம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 1-ம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. எபிரேய பைபிளின் மிகப் பழைய கைப்பிரதிகள் இவற்றில்தான் இருக்கின்றன.

1956-க்குள் 11 குகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. மொத்தம் 900-க்கும் மேற்பட்ட கைப்பிரதிகள். முழுச் சுருளாகக் கிடைத்தவை சில மட்டுமே. 1952-ல் தெரியவந்த நாலாம் குகையில் பானையும் இல்லை, சுருளும் இல்லை. தரையில் மண்ணோடு மண்ணாகச் சுமார் 15,000 துண்டுகள் கிடந்தன. உள்ளங்கை அளவில் சில. நகத்தின் அளவில் பல. அவை 500-க்கும் மேற்பட்ட நூல்களின் சிதறல்.

அவ்வளவு காலம் எப்படித் தாங்கின? ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடம். குகைக்குள் வெளிச்சம் இல்லை. யாரும் தொடவில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

பெதுவின்கள் கொண்டுவந்த துண்டுகளை வாங்க அருங்காட்சியகத்திடம் பணம் போதவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஜோர்டான் தினார் என்று விலை பேசினார்கள். துணிக்கடையில் மீட்டர் கணக்கில் அளப்பதுபோல வேதத்தைச் சென்டிமீட்டரில் அளந்தார்கள்! கனடாவின் மெக்கில், இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகங்களும் வாடிகன் நூலகமும் பணம் கொடுத்து உதவின.

வெள்ளைக் கோபுரத்துக்குள் ஒரு நீண்ட அறை

துண்டுகள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க மறுபடி ஜெருசலேமுக்கு ஏறவேண்டும். சுமார் 40 கிலோமீட்டர். பழைய நகரின் மதில், வடகிழக்கு மூலையில் திரும்பும் இடத்துக்கு எதிரே, பைன் மரங்களுக்கு நடுவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் எட்டுப்பட்டைக் கோபுரத்தோடு ஒரு கட்டடம் நிற்கிறது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் 1927-ல் தருவதாகச் சொன்ன 20 லட்சம் டாலரில் எழும்பி, 1938-ல் திறக்கப்பட்ட பாலஸ்தீன தொல்பொருள் அருங்காட்சியகம். இன்று ராக்பெல்லர் அருங்காட்சியகம் என்கிறார்கள். நடுவே நீளமான நீர்த்தொட்டியும் வளைவு மண்டபங்களும் கொண்ட முற்றம் இருக்கிறது. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தாற்போல அமைதி. புனிதத் தலங்களைச் சுற்றும் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. நகரத்தின் நெரிசலில் களைத்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

1950-களில், ஜோர்டான் ஆட்சியில் இருந்த இந்தக் கட்டடத்தின் நீளமான ஓர் அறையில், பிரெஞ்சு பாதிரியார் ரோலண்ட் டி வோ தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் சிறு குழுவாகக் கூடினார்கள். அந்த அறைக்கே 'ஸ்க்ரோலரி' என்று செல்லப் பெயர் வந்தது. 'சுருள் பட்டறை' என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் இருக்கின்றன. வரிசை வரிசையாக நீள மேஜைகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடித் தட்டுகள், அவற்றின் கீழே துண்டுகள். திறந்த ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது. குனிந்து பார்க்கும் அறிஞரின் கையில் சிகரெட். இன்றைக்கு ஒரு பாதுகாப்பு நிபுணர் அந்தப் படத்தைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது உலகத்தின் மிகப் பெரிய ஜிக்சா புதிர். அட்டையில் மாதிரிப் படம் இல்லாத புதிர். அதுவும் ஒரு புதிர் அல்ல. 500-க்கும் மேற்பட்ட புதிர்களைக் குலுக்கிக் கொட்டி, முக்கால்வாசித் துண்டுகளைத் தொலைத்துவிட்டுக் கொடுத்தது போன்றது. கையெழுத்தின் சாய்வு, தோலின் நிறம், கிழிசலின் ஓரம் இவற்றை வைத்து ஒன்றோடொன்று பொருத்துவார்கள். பல நாள் தேடி இரண்டு துண்டுகள் பொருந்திவிட்டால், அந்த நிமிடச் சந்தோஷத்தில் கை எதைத் தேடும்? பொருந்தியது மறுபடி பிரிந்துவிடாமல் இருக்க ஏதாவது வேண்டும். மேஜையில் செல்லோடேப் இருந்தது.

அவர்களைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயம் இல்லை. அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ கண்டுபிடித்த செல்லோபேன் டேப் 1930-ல்தான் சந்தைக்கு வந்தது. பொருளாதார மந்தம் வாட்டிய அந்தப் பத்தாண்டில், கிழிந்த புத்தகம் முதல் கிழிந்த ஜன்னல் திரை வரை எதையும் தூக்கி எறியாமல் ஒட்டி வைக்க உதவிய அதிசயப் பொருள் அது. 1950-களில் அதற்கு வயது இருபது சொச்சம்தான். அது முதுமையில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துச் சொல்ல அனுபவம் யாரிடமும் அதிகம் இல்லை. மேலும், அந்த அறையில் மொழி அறிஞர்கள் இருந்தார்களே தவிர, தோலையும் தாளையும் காக்கத் தெரிந்தவர் தினமும் பக்கத்தில் இல்லை.

டேப்புக்கு வயதானால் என்ன ஆகும்?

பழைய செல்லோடேப்பின் பசை, ரப்பரும் பிசினும் கலந்தது. புதிதாக ஒட்டியபோது மேலாக உட்கார்ந்திருக்கும். நிதானமாக உரித்தால் வந்துவிடும். இது முதல் கட்டம்.

சில ஆண்டுகளில் காற்றில் உள்ள ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்து பசையை இளக்குகின்றன. எண்ணெய் ஊறிய பஜ்ஜித் தாள்போல அது தாளுக்குள்ளோ தோலுக்குள்ளோ இறங்குகிறது. அந்த இடம் மஞ்சளாகி, பின்பக்கம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடித்தன்மை அடைகிறது. சிலவகை மைகள் கசிந்து பரவுகின்றன. மூன்றாவது கட்டத்தில் பசையின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடுகின்றன. மேலே இருந்த பிளாஸ்டிக் நாடா தானாகவே உதிர்ந்து விழும். கீழே பழுப்புக் கறை மட்டும் நிற்கும். அதைக் கரைக்கக்கூடிய திரவம் ஏறக்குறைய எதுவும் இல்லை.

சுருள்களுக்கு இதோடு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. கண்ணாடித் தட்டுகளின் எடை பசையைத் தோலுக்குள் அழுத்தியது. தோல் கறுத்தது, ஓரங்கள் பிசுபிசுத்தன. குகையிலிருந்து வந்தபோது படிக்க முடிந்த சில வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. பெரும்பாலான துண்டுகளில் எழுத்து, கரியை அரைத்துச் செய்த மையால் ஆனது. அந்த மை தோலுக்குள் இறங்குவதில்லை, மேலே படிந்து நிற்கும். எழுத்துள்ள பக்கத்தில் டேப் பட்டிருந்தால், டேப்போடு எழுத்தும் வந்துவிடும்.

புதிரை அவிழ்க்கும் வேலையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒரு சிலரே வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்க்கவிடவில்லை என்ற சண்டை உலக அளவில் நடந்தது. 1967 போருக்குப் பின் கட்டடமும் துண்டுகளும் இஸ்ரேலின் கைக்கு மாறின. யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்றும் அரசியலாகவே இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் டேப் மட்டும் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போது வீட்டு பீரோ ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. மடித்த இடத்தில் கிழிந்த கிரயப் பத்திரம், தாத்தா கைப்பட எழுதிய ஜாதகம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஆகியவற்றில் குறைந்தது ஒன்றிலாவது மஞ்சள் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை இழுத்து உரிக்கக் கூடாது; தாளின் மேல்தோல் எழுத்தோடு சேர்ந்து வரும். ஹேர் டிரையர், பெட்ரோல், தின்னர் என்று வீட்டில் பரிசோதனை செய்வதும் ஆபத்து. பால்பாயின்ட் மை தின்னர் பட்டால் ஓடிவிடும். ரப்பர் ஸ்டாம்ப் மையும் அப்படித்தான். முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாளை மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வைப்பதே போதும். கைக்கு எட்டிய நல்ல முதலுதவி அதுதான்.

ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிடலாமே என்று தோன்றும். அது டேப்பின் அண்ணன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கைச் சூட்டோடு தாளில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள்; நல்ல தாளோடு அதைப் பிரித்தெடுக்க வழி கிடையாது. ஒட்டாமல் சும்மா உள்ளே நுழைத்து வைக்கிற பாலியஸ்டர் உறை எவ்வளவோ மேல். வேண்டும்போது வெளியே எடுக்கலாம்.

சூடான கத்தியும் முல்தானி மெட்டியும்

1991-ல் இஸ்ரேல் தொல்லியல் துறை, சாக்கடல் சுருள்களுக்கென்றே ஜெருசலேமில் தனி ஆய்வகம் தொடங்கியது. ஆராய்வதற்கோ மொழிபெயர்ப்பதற்கோ அல்ல. அதன் முதல் வேலை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒட்டியதைப் பிரிப்பது. வேலைக்கு அமர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்னாள் சோவியத் நாட்டிலிருந்து குடியேறிய பெண்கள். இந்தத் துண்டுகளைக் கையால் தொட அனுமதி உள்ளவர்கள் உலகத்திலேயே அவர்களைப் போல ஒரு சிலர்தான். பிரதமரே வந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கவேண்டியதுதான்.

அறுவை சிகிச்சை அறைக்குள் நடப்பதுபோலத்தான் எல்லாமே. முதலில் துண்டு இருக்கும் நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்கிறார்கள். உதிரும் நிலையில் உள்ள ஓரங்களுக்குச் சிறு சிறு ஜப்பானியத் தாள் கீற்றுகளால் முட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு அறுவை சிகிச்சைக் கத்தியை அளவாகச் சூடாக்கி, டேப்புக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை கணக்கில் நுழைக்கிறார்கள். சூடு போதாவிட்டால் பசை இளகாது. கூடினாலோ தோலே கெட்டுவிடும். தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். பழைய தோலில் சூடும் ஈரமும் சேர்ந்தால் அது ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாகிறதே, அதே பொருள். இரண்டாயிரம் ஆண்டு பழைய எழுத்து ஒரு நொடியில் கோந்தாகிவிடும். அதனால்தான் தாளைக் காப்பவர்கள் சாதாரணமாகக் கையாளும் தண்ணீர்கூட இங்கே எதிரி.

நாடா போனபின் பசை மிச்சம் இருக்கும். அதைத் துடைத்தால் கறை இன்னும் உள்ளே பரவும். எனவே துடைப்பதில்லை, உறிஞ்ச வைக்கிறார்கள். கரைப்பானோடு ஒரு மண் பொடியைக் குழைத்துக் கறையின் மேல் பற்றுப் போடுகிறார்கள். பசை இளகிப் பொடிக்குள் ஏறுகிறது. காய்ந்ததும் பொடியை எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பொடி தெரியுமா? முகத்தில் எண்ணெய் வழிந்தால் நம் வீட்டில் பூசுகிற முல்தானி மெட்டி வகையைச் சேர்ந்ததுதான். தலைவலிக்குப் பற்றுப் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இந்த வைத்தியம் புரியாமல் போகாது.

கடைசியாக, கிழிந்த இடத்தில் மறுபடி ஓர் ஒட்டு வேண்டும். இங்கேதான் பழைய வழிக்கும் புதிய வழிக்கும் உள்ள வித்தியாசம். ஜப்பானில் கோசோ என்ற மல்பெரி இனச் செடியின் பட்டையிலிருந்து செய்யும் தாள், வெங்காயச் சருகைவிட மெல்லியது. நீள நாராக இருப்பதால் கிழியாது. அதை மீதைல் செல்லுலோஸ் என்ற தாவர நாரிலிருந்து வரும் பசையைக் கொஞ்சமே கொஞ்சம் தொட்டு ஒட்டுகிறார்கள். காகித ஆவணங்களுக்கு கோதுமை ஸ்டார்ச் பசை. இரண்டையும் பின்னொரு நாள் லேசான ஈரத்தில் எடுத்துவிடலாம். இன்று செய்ததை நாளைக்கு ஒருவர் வந்து பிரிக்க முடிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. (கோதுமைப் பசை என்றதும் நம் பைண்டிங் கடை மைதாப் பசையை நினைத்துவிட வேண்டாம். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவது வழக்கம். அது செம்பு உப்பு. பூச்சியைத் தடுக்கும், தாளை நாளடைவில் அரிக்கும்.)

காட்சிக்குப் போகும் துண்டுகளுக்கு ஒட்டே கிடையாது. சிலந்திவலை போன்ற பாலியஸ்டர் வலை இரண்டை இழுத்துக் கட்டி, நடுவே துண்டை வைத்து, துண்டின் ஓரத்தைச் சுற்றி வலையோடு வலையாகத் தைத்துவிடுகிறார்கள். ஊசி துண்டில் படாது. ஒட்டாமல் நிறுத்தி வைக்கிற வித்தை.

ஒவ்வொரு கண்ணாடித் தட்டாக, ஒவ்வொரு துண்டாகத்தான் இது நடக்கும். தட்டுகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். தொடங்கியவர்களில் சிலருக்குத் தலை நரைக்கும் அளவுக்கு வேலை நீண்டது. 1950-களில் ஒரு டேப்பைக் கிழித்து ஒட்ட ஐந்து விநாடி ஆகியிருக்குமா?

பிரிப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த டேப் வெறும் ஒட்டு அல்ல; 'இந்தத் துண்டும் அந்தத் துண்டும் ஒன்று' என்று ஓர் அறிஞர் சொன்ன தீர்ப்பு. பிரித்தாலும் அந்தத் தீர்ப்பு தொலையக் கூடாது. அதனால் எது எதோடு எப்படி ஒட்டியிருந்தது என்பதும் பதிவாகிறது. சிலசமயம் பழைய தீர்ப்பே தவறென்று தெரியும். 2020-ல் வெளியான மரபணு ஆய்வொன்று, சோதித்த துண்டுகளில் பெரும்பாலானவை செம்மறியாட்டுத் தோல் என்று கண்டது. எரேமியா நூலின் துண்டுகளில், ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று நினைத்திருந்தவற்றில் ஒன்று ஆடாகவும் ஒன்று மாடாகவும் இருந்தன!

வேறு ஊர்களிலும் இதே போராட்டம் நடக்கிறது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர வேதியியலாளர்கள், கரைப்பானை நுண்துளிகளாக அடைத்த ஜெல் ஒன்றை உருவாக்கியதை 2018-ல் வெளியிட்டார்கள். டேப்பின் மேல் வைத்தால் ஜெல் தேவையான அளவு மட்டும் கசியவிடும், தாள் நனையாது. 16-ம் நூற்றாண்டு ஓவியத் தாள் ஒன்றிலிருந்து டேப்பை அப்படி எடுத்தபோது, கீழே 'மைக்கலாஞ்சலோவின் கையால்' என்று பொருள்படும் இத்தாலிய எழுத்து தெரிந்தது. எழுதியவர் சொன்னது உண்மையா என்பது வேறு விஷயம். ஆனால் அப்படி ஒரு குறிப்பை டேப் மறைத்து வைத்திருந்தது.

குடம்மூடிக் கூரையின் கீழ்

ஜெருசலேமின் மேற்குப் பகுதியில், இஸ்ரேல் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது 'நூல் ஆலயம்'. சுருள்கள் கிடைத்த பானையின் மூடியைப் போலவே கட்டிய வெள்ளைக் கூரை. அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எதிரே கரிய சுவர் ஒன்று. 1965-ல் திறந்தார்கள். உள்ளே குகைக்குள் போவதுபோல மங்கிய வெளிச்சம். நடுவட்டத்தில், 7 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏசாயா சுருள் சுற்றிவர விரிந்திருப்பதைப் பார்த்துப் பலர் கைகூப்புவார்கள். அவர்கள் பார்ப்பது நகல். அசல் துண்டுகளும் இங்கே காட்சிக்கு வருவதுண்டு. ஆனால் மூன்று முதல் ஆறு மாதம் வரைதான். பிறகு அவற்றுக்கு இருட்டறையில் ஓய்வு. வெப்பமும் ஈரமும் குகையில் இருந்தது போலவே இருக்கும்படி அந்த அறையைக் கண்காணிக்கிறார்கள். அவ்வளவு செலவு செய்து மறுபடி ஒரு குகை!

(இந்தப் பகுதிக்குப் பயணம் திட்டமிடுகிறவர்கள் அப்போதைய பாதுகாப்பு நிலையையும் அரசின் பயண அறிவிப்பையும் பார்த்துக்கொள்வது அவசியம். அருங்காட்சியக நேரங்களும் அடிக்கடி மாறும்.)

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1950-களில் அறிஞர்கள் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்த அதே கட்டடத்தில், நஜீப் அல்பினா என்ற பாலஸ்தீனப் புகைப்படக்காரர் வேலை பார்த்தார். ஒவ்வொரு தட்டையும் அகச்சிவப்புப் படமாக எடுத்துவைத்தார். துண்டுகள் சேரச் சேர, திரும்பத் திரும்ப எடுத்தார். தோல் கறுப்பதற்கு முன் எழுத்து எப்படி இருந்தது, எது எங்கே ஒட்டியிருந்தது, எந்த ஓரம் பிறகு உதிர்ந்தது என்பதற்கெல்லாம் இன்றைக்கு அவருடைய படங்களே சாட்சி. பல ஆய்வாளர்கள் அசல் துண்டைவிட அந்தப் படத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் படங்களோடு, 12 வெவ்வேறு அலைநீள ஒளியில் புதிதாக எடுத்த படங்களையும் சேர்த்து 2012-ல் இணையத்தில் வைத்துவிட்டார்கள். 'லியோன் லெவி சாக்கடல் சுருள்கள் டிஜிட்டல் நூலகம்' என்று தேடினால் கிடைக்கும். கட்டணம் இல்லை. கைபேசியில் ஒரு துண்டைத் தொட்டு, இரு விரலால் விரித்துப் பெரிதாக்கலாம். அல்பினாவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் எழுத்து பளிச்சென்று நிற்கும். அதே துண்டின் இன்றைய வண்ணப் படத்துக்குத் தள்ளினால், சிலவற்றில் அந்த எழுத்து கறுத்த தோலுக்குள் மூழ்கிக் கிடக்கும். மறுபடி அகச்சிவப்புக்குப் போனால், எழுத்து திரும்ப மேலே வரும்.